பொறியும் புள்ளியும்: ஆர். முத்தையாவின் வடிவமைப்புப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் வரலாற்றை எழுதப் புகுவோர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையாவை அப்பொறியின் 'தந்தை' என்று கூறி அமைவது வழக்கம். தந்தை என்னும் உறவுப் பெயர் எமது பண்பாட்டு வரலாற்றில் மிகத் தாராளமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. பதிப்புத்துறைக்கு ஒருவர், உரைநடைக்கு ஒருவர், நாடகத்துக்கு ஒருவர் என நிரல் நீளும். பட்டம் சூட்டப்பட்டதும் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. அம்மனிதர் செய்த வேலை யாது, எந்தச் சமூக நிலையில் நின்று செய்தார், அவர்முன் இருந்த தெரிவுகள் எவை, அவற்றுள் ஒன்றைத் தெரிந்து மற்றையதைத் தள்ளியமையால் யார் பயன் பெற்றனர், யார் சுமை தாங்கினர் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. ஒரு நாவலை அல்லது ஒரு கவிதைத் தொகுதியை விமர்சிக்கும்போது நாம் இயல்பாகக் கேட்கும் வினாக்கள் இவை. கருவிகளிடம் அவற்றைக் கேட்க நாம் பழகவில்லை.

முத்தையாவைக் கண்டுபிடிப்பாளர் என்று கொள்வதிலும் கைத்தொழில் வடிவமைப்பாளர் என்று கொள்வதே அவர் பணிக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இது சொல்லை மாற்றும் முயற்சி மாத்திரமன்று. கண்டுபிடிப்பாளரை வியக்கலாம், வடிவமைப்பாளரை மதிப்பிட வேண்டும்.

முத்தையா 1886ஆம் ஆண்டு பிறந்தார். 1907ஆம் ஆண்டு மலாயாவுக்குச் சென்றார். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து மிஷன் கல்விக்கூடங்கள் குடாநாட்டிலே ஆங்கிலங் கற்ற ஒரு வகுப்பினரை உருவாக்கி வந்தன. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தோன்றியது. ஆயின் கற்றோர் அனைவருக்கும் வேலை தரும் பொருளாதாரம் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. பிரித்தானிய ஆட்சி மலாயாவில் விரிவடைந்து, புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, திறைசேரி என்பன அங்கு வளர்ந்தபோது, குறைந்த சம்பளத்தில் ஆங்கிலக் கணக்கும் கடிதமும் எழுதவல்ல இலிகிதர்கள் தேவைப்பட்டனர். தேவையும் மிகையும் கடல் கடந்து சந்தித்தன. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரம் மலாயாப் பணம் என்பதை நாம் அறிவோம். 'மலாயன் பென்சனியர்' என்ற தொடர் எமது கிராமிய வழக்கிலே ஒரு சமூகப் பாத்திரத்தின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது.

இவ்வகுப்பினரைப் பற்றி எமது முற்போக்கு விமர்சனம் நியாயமான ஏளனத்துடனேயே பேசி வந்துள்ளது. வெள்ளையனின் பேரேட்டை எழுதியவர்கள், ஊருக்குத் திரும்பி வேலி அடைத்தவர்கள், சாதிமானைப் பேணியவர்கள் என்பன பொய்யான கூற்றுக்களல்ல. எனினும் இக்கூற்றுக்கள் ஒன்றை மறைத்துவிடுகின்றன. இந்த இலிகிதர்களே நவீன எழுத்துப் பொறியைத் தம் விரல்களால் அறிந்த முதலாந் தலைமுறைத் தமிழருட் பெரும்பகுதியினர். தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியது பொறியியலாளரின் உலகம். அதனுடன் நாள் முழுவதும் வாழ்ந்தது கந்தோரின் உலகம். முத்தையா இரண்டாவது உலகத்தவர். வணிக நிறுவனமொன்றில் இலிகிதராக உழைத்தவர். ஆங்கிலப் பொறியில் அவர் பெற்ற தேர்ச்சி சம்பளத்துக்காகப் பெற்ற தேர்ச்சி. அப்பொறி ஏன் தமிழ் பேசுவதில்லை என்ற வினா எழுவதற்கு மிகப் பொருத்தமான இடம் அந்த நாற்காலிதான். பாவிப்பவன் வடிவமைப்பவனாக மாறிய இந்நிகழ்வே அவர் பணியின் பலம். அதன் எல்லையும் அதுவே என்பதைப் பின்னர் காண்போம்.

இனிப் பிரச்சினையின் உள்ளே செல்வோம்.

தட்டெழுத்துப் பொறி ஆங்கிலத்துக்கென உருவானது. அமெரிக்காவில் துப்பாக்கியும் தையற்பொறியுஞ் செய்த றெமிங்டன் கம்பனி 1874இல் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது பெரிய எழுத்துக்கள் மாத்திரமே அதில் இருந்தன. 1878இல் வெளிவந்த இரண்டாவது மொடலிலேதான் ஒரு விசையில் இரு வடிவங்களை அமைக்கும் மாற்று விசை வந்தது. அதன்பின் உலகெங்கும் சென்ற பொறிகளின் அடிப்படை இதுவே: நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வடிவங்கள், ஆகத் தொண்ணூறுக்கு உட்பட்ட இடங்கள். ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஓரிடம் நகரும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்.

இந்த வீட்டுக்குள் தமிழ் எழுத்துக்கள் 247உம் குடிபுக வேண்டும். வெறுமனே எண்ணிக்கையைக் கூறி மலைப்பது பயனற்றது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஔகாரத்தை ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து அடிக்கலாம் என்று கொண்டால் உயிர்கள் 11. ஆய்தம் 1. அகரமேறிய உயிர்மெய்கள் 18. கால், கொம்புகள், விசிறிகள், ஐகாரக் குறி, புள்ளி ஆகியன 7. இதுவரை 37. தொல்லை தருவன உகர ஊகார வரிசைகள். கு, டு, து, பு, மு என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகின்றன. ஒரு பொதுக்குறியைப் பிரித்தெடுக்க முடியாது. வழக்கிலில்லாத ஙு, ஞு இரண்டையும் விட்டால் உகர வடிவங்கள் 16. ஊகாரத்தில் தூ, நூ, னூ போன்றவற்றை உகர வடிவத்தோடு ஒரு வாலைச் சேர்த்துப் பெறலாம். ஆயின் கூ, டூ, மூ, ரூ, ழூ, ளூ ஆகிய ஆறுக்கும் தனியிடம் வேண்டும். இத்துடன் 59. கிரந்த எழுத்துக்கள் ஓர் ஐந்து, இலக்கங்கள் பத்து, நிறுத்தக் குறிகள் ஏறத்தாழப் பத்து என்று கூட்டினால் 84 அளவில் வந்து நிற்கும். இடம் போதும், மிகக் கொஞ்சமே எஞ்சும். ணா, றா, னா என்பவற்றின் பழைய சுழிவடிவங்களையும், ணை, லை, ளை, னை என்பவற்றின் பழைய யானைக்கொம்பு வடிவங்களையும் சேர்த்தால் கணக்கு விளிம்பைத் தொட்டுவிடும். பெரியார் 1935இல் 'குடி அரசு' மூலம் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தபோதும், தமிழ்நாட்டரசு 1978இல் அதனை ஆணையாக ஏற்றபோதும், அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் ஏற்படும் வசதி ஒரு முக்கிய வாதமாக நின்றமைக்குப் பின்னணி இக்கணக்கே.

இவ்விடத்திலே பிறமொழிகளின் அனுபவத்தை நோக்குவது பயன்தரும். சீயம் நாட்டிலே மிஷனரி ஒருவரின் மகனான எட்வின் மக்ஃபார்லண்ட் 1892இல் தாய் மொழிக்கான தட்டெழுத்துப் பொறியை அமைத்தார். 44 மெய்யெழுத்துக்களும் உயிர்க்குறிகளும் தொனிக்குறிகளும் கொண்ட அவ்வெழுத்துமுறை பொறிக்குள் முழுவதும் அடங்கவில்லை. அவர் இரண்டு மெய்யெழுத்துக்களை விட்டுவிட்டார். அவை ஏற்கெனவே அருகி வந்தவை என்பது உண்மை. ஆயினும் பொறியில் இடம்பெறாமையால் வழக்கிலிருந்தே மறைந்தன. தாய் நெடுங்கணக்கில் அவை இன்றும் எண்ணப்படுகின்றன, சொற்களில் எழுதப்படுவதில்லை. சீன எழுத்தாளர் லின் யூதாங் மறு அந்தத்துக்குச் சென்றார். சீன எழுத்துக்களில் ஒன்றையும் இழக்க விரும்பாது, எழுத்தைத் தேடித் தெரியும் முற்றிலும் புதியதொரு பொறியை 1947இல் நியூயோர்க்கில் செய்து காட்டினார். கைப்பணம் கரைந்து கடனாளியானார். ஒரேயொரு மாதிரிப் பொறி மட்டுமே செய்யப்பட்டது; நீண்டகாலம் காணாமற் போயிருந்த அது 2025இல் வெளிப்பட்டு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. பொறிக்காக எழுத்தை வெட்டுதல் ஒரு வழி. எழுத்துக்காகப் பொறியையே புதிதாகப் படைத்தல் மற்றொரு வழி. முன்னையது மலிவானது, மொழி விலை கொடுக்கும். பின்னையது மேன்மையானது, சந்தை அதனை ஏற்காது.

முத்தையா இரண்டையுஞ் செய்யவில்லை. தொழிற்சாலையில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த பொறியை எடுத்து, அதன் அசைவில் ஒரு சிறு மாற்றத்தைத் தமிழுக்காகப் பயன்படுத்தினார். அதுவே 'நகரா விசை' எனப்படுவது. சாதாரண விசையை அடித்தால் வண்டி ஓரிடம் நகரும். நகரா விசையை அடித்தால் குறி தாளிற் பதியும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின் கீழ் வந்து அமரும். புள்ளியை அடித்து ககரத்தை அடித்தால் 'க்' கிடைக்கும். ஒரே புள்ளியால் 18 மெய்களும் உண்டாகும். விசிறிகளுக்கும் இதே உபாயம். நூற்றுக்கணக்கான உயிர்மெய் வடிவங்கள் ஒரு சில விசைகளுக்குள் மடிந்துவிடுகின்றன.

நகரா விசையை அவர் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. பிரெஞ்சு, ஜேர்மன் முதலான மொழிகளின் பொறிகளிலே உயிரெழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிகளை அடிப்பதற்கு அவ்வமைப்பு முன்னரே இருந்தது. அவருடைய சாதனை வேறிடத்தில் உள்ளது. பிரெஞ்சுக்காரன் 'e' என்ற எழுத்தின் தலையில் வைக்கும் கூரைக்குறிக்கும், தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணம் பேசிவரும் மெய்யின் புள்ளிக்கும் ஒலியியலில் எவ்வித உறவும் இல்லை. ஒன்று உயிரின் தன்மையைக் காட்டுவது. மற்றையது உயிரின் இன்மையைக் காட்டுவது. ஆனால் பொறியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே: எழுத்தின் மேல் நிற்கும் ஒரு சிறு பொட்டு. இலக்கணத்தில் ஒவ்வாதன பொறியியலில் ஒக்கும் என்று கண்டமையே வடிவமைப்பாளரின் பார்வை. புதிய உறுப்பு எதனையும் அவர் படைக்கவில்லை. உள்ளதைப் புதிய பொருளோடு இணைத்தார். கண்டுபிடிப்பின் கவர்ச்சியைத் தேடுவோர் இதனைச் சிறுமை என்று கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை.

இதைப் போன்ற மற்றொரு நுட்பம் மாற்று விசையில் உண்டு. ஆங்கிலத்திலே அது பெரிய எழுத்துக்காக வந்தது. தமிழுக்குப் பெரிய எழுத்துமில்லை, சிறிய எழுத்துமில்லை. ஆகவே பொறியின் மேல்மாடி முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. இம்மரபில் நிலைபெற்ற பலகையிலே ககர விசையின் மேல்நிலையில் 'கு', தகர விசையின் மேல்நிலையில் 'து', மகர விசையின் மேல்நிலையில் 'மு' என உகர வரிசை முழுவதும் அங்கே குடியேறியது. அந்நியமான ஓர் எழுத்துப் பாகுபாட்டுக்கெனக் கட்டப்பட்ட அறையில் எமது நெடுங்கணக்கின் மிக ஒழுங்கீனமான வரிசை வசதியாக அமர்ந்துகொண்டது. பயில்பவன் உகர வடிவங்களுக்கெனத் தனியாக எதையும் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அகரத்தின் இடம் தெரிந்தால் உகரத்தின் இடம் தெரியும். இத்தகைய சிக்கனத்தைப் பொறியின் வெளித்தோற்றத்தில் தேடிப் பயனில்லை.

வெளித்தோற்றம் என்றதும் ஓர் ஒப்பீடு நினைவுக்கு வருகின்றது. கைத்தொழில் வடிவமைப்பு என்றால் இன்று பலரும் பொருளின் உடலழகையே எண்ணுவர். இத்தாலியின் ஒலிவெற்றிக் கம்பனிக்காக மார்செல்லோ நிட்சோலி 1950இல் வடிவமைத்த 'லெத்தேரா 22' நூதனசாலைக்குச் சென்றது; ஒலிவெற்றியின் பொருள்களுக்கென்று நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலை 1952இல் தனிக் கண்காட்சியே நடத்தியது. நிட்சோலி பொறியின் மேலுறையைச் செதுக்கினார். உள்ளமைப்பை வேறொரு பொறியியலாளர் பார்த்துக்கொண்டார். முத்தையாவிடம் மேலுறை இல்லை. அவர் தொட்டது விசைகளின் வரிசை, குறிகளின் பிரிப்பு, வண்டியின் அசைவு என்ற மூன்றையுமே. தட்டெழுத்துப் பொறி ஒன்று தமிழருக்குச் சொந்தமாவது இம்மூன்றினாலும்தான். எனவே நூதனசாலை அழகியலை அளவுகோலாகக் கொண்டால் அவருடைய பணி கண்ணிற்படாது.

அவருடைய பலகையைச் செயலாக்கிய தொழிற்சாலை ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரிலிருந்த சைடல்–நௌமன் கம்பனி. 1868இல் தொடங்கித் தையற்பொறியும் துவிச்சக்கர வண்டியுஞ் செய்து, 1900 அளவில் 'ஐடியல்', 1910 அளவில் சிறிய 'எரிக்கா' ஆகிய தட்டெழுத்துப் பொறிகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. எரிக்காவே ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 'பிஜூ' என்ற பெயரில் விற்கப்பட்டது. தமிழ் 'பிஜூ'வும் தமிழ் 'ஐடியல்'உம் இவ்விதம் பிறந்தன. பெயரே ஒரு சான்று. யாழ்ப்பாணத்தவர் சிங்கப்பூரிலிருந்து வடிவமைத்து, ஜேர்மனியர் வார்த்து, தமிழர் விலைக்கு வாங்கிய பொறியின் நெற்றியில் பிரெஞ்சு மொழியில் 'ஆபரணம்' என்று எழுதியிருந்தது.

ஜேர்மனிக்கும் தமிழெழுத்துக்கும் இது முதலாவது தொடர்புமன்று. தரங்கம்பாடி மிஷனுக்கென ஹாலே நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழெழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் கடதாசி போதவில்லை. பின்னர் சிற்றெழுத்துக்கள் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்க்கப்பட்டன. ஹாலேயும் டிறெஸ்டனும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்திலில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தமிழ் உலோக எழுத்து அதே பிரதேசத்திலிருந்து கப்பலேறியது என்றால் இடைக்காலத்தில் எமது சமூகங்களில் எத்தகைய கைத்தொழில் வளர்ச்சி நிகழ்ந்தது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. இக்காலப் பகுதியில் யாழ்ப்பாணம் அச்சை அறியாதிருக்கவில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சியந்திரசாலை 1830களிலிருந்து இயங்கியது. 'உதயதாரகை' 1841இல் வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். மதம் பரப்புவதற்கும் அதனை எதிர்ப்பதற்கும் அச்சுப் பயன்பட்டது. இரு சாராரும் நூல்களைப் பெருக்கினர். ஆயின் பொறி செய்யும் தொழில் குடாநாட்டில் வேரூன்றவில்லை. கற்றவன் கந்தோரை நாடினான். கொல்லன் பட்டறையிலேயே நின்றான். சாதியமைப்பு இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர விடவில்லை. முத்தையா தம் வரைபடத்தைச் சுண்டிக்குளிக்கு எடுத்து வந்திருந்தாற்கூட அதனை உலோகமாக்க எவருமிருந்திரார்.

இனி எல்லைகளைப் பார்ப்போம்.

இம்மரபின் பலகையில் விரல்களுக்கு எழுத்துக்கள் பங்கிடப்பட்ட முறை பெரும்பாலும் போற்றத்தக்கது. 'யளனகப' என்று மனனஞ் செய்து பயின்ற எவரும் இதனை விரலில் உணர்வர். இடச் சுட்டுவிரலுக்கு க, ப, ச, வ. வலச் சுட்டுவிரலுக்குக் கால், த, ல, ர. தமிழ் உரைநடையில் ஓயாது வரும் எழுத்துக்கள் வலிமை மிக்க விரல்களை அடைந்துள்ளன. ஆனால் புள்ளி எங்கே வைக்கப்பட்டது? வலக் கையின் சின்னிவிரலில். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அதனை அடிக்க 11 அடிகள் வேண்டும். அவற்றுள் 3 புள்ளிகள். வண்டி நகர்வது 8 இடங்களே. தமிழ் மெய்ம்மயக்கம் மிக்க மொழி. 'க்க', 'ந்த', 'ம்ப', 'ட்ட' என்று வராத வசனமில்லை. அத்துணைப் புள்ளிகளையும், போதாக்குறைக்கு இகர விசிறியையும், கையின் மிக மெலிந்த விரலே சுமக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்குப் பல பக்கம் அடிக்கும் தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அத்துடன், கை எழுதும் ஒழுங்கு ஒன்று, பொறி கேட்கும் ஒழுங்கு மற்றொன்று. ஏட்டில் எழுத்தை எழுதிப் பின்னர் புள்ளியிடுவோம். பொறியில் புள்ளியை இட்டுப் பின்னர் எழுத்தை அடிக்க வேண்டும். வண்டி நகர்ந்தபின் திரும்பி வராது என்பதால் இது தவிர்க்க முடியாதது. எழுத்து எதுவென்று கூறுமுன் அதில் உயிரில்லை என்று கூறவேண்டிய இவ்விபரீதத்தைப் பயிற்சி மறக்கச் செய்துவிடும் என்பது வேறு விடயம். நான் கூறவருவது இதுதான்: முத்தையா எழுத்தை வெட்டாது காத்தார், அதற்கான விலையைத் தட்டெழுத்தாளரின் உடலிலிருந்து பெற்றார். தாய் மொழியில் நெடுங்கணக்கு கொடுத்த விலையைத் தமிழில் சின்னிவிரல் கொடுத்தது. எழுத்தின் முழுமை பற்றிப் பெருமிதப்படுவோர் இந்த உழைப்பைக் கணக்கிலெடுப்பதில்லை. பிற்காலத்தில் எமது நகர்களின் தட்டெழுத்துப் பயிற்சிக் கூடங்களை நிறைத்த இளம் பெண்களின் உழைப்பு அது.

பாவிப்பவனே வடிவமைப்பவனாக மாறியமையின் எல்லை என்று முன்னர் குறிப்பிட்டது இதனையே. ஆங்கிலப் பொறியில் தேர்ந்த தலைமை இலிகிதர் ஒருவர், வேகமாக அடிக்கப் பயிற்சி பெற்ற கை எதையும் பழகிக்கொள்ளும் என்றே எண்ணுவார். கற்கத் தொடங்கும் பிள்ளையின் கையை அவர் எண்ணியிருப்பார் என்று கொள்ளப் பலகையில் ஆதாரமில்லை. எழுத்தின் வடிவம் பற்றியும் இதே பழைமை பேணும் போக்குத் தெரிகின்றது. ண, ஞ போன்ற அகன்ற எழுத்துக்களும் ர, ட போன்ற ஒடுங்கிய எழுத்துக்களும் ஒரே அகலத்தில் அடைபட்டதால் தட்டெழுத்துத் தமிழ் நெருக்கமும் இடைவெளியும் மாறிமாறி வரும் தோற்றத்தைப் பெற்றது. எழுத்தின் உருவத்தையே பொறிக்கேற்ப மீள வரையும் துணிவு வேண்டியிருந்த இடம் அது, அவர் துணியவில்லை.

வடிவமைப்பாளரின் பணி தொழிற்சாலை வாசலோடு முடிவதில்லை. அதை வாங்குவோர் வேண்டும். தமிழுக்குக் கந்தோர் இருந்தால்தான் தமிழ்ப் பொறிக்குச் சந்தை. 1956ஆம் ஆண்டு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரு மொழிச் சட்டங்கள் நிறைவேறின. சென்னையில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம். கொழும்பில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற 33ஆம் இலக்கச் சட்டம். முன்னையது தமிழ்ப் பொறிக்கு அரசாங்கத்தையே வாடிக்கையாளர் ஆக்கியது. தமிழ்நாட்டிலே பலகை சீரமைக்கப்பட்டது, றெமிங்டன் முதலிய கம்பனிகள் அங்கேயே தமிழ்ப் பொறிகளைச் செய்தன, அரசாங்கத் தொழினுட்பப் பரீட்சைகள் தோன்றின. பின்னைய சட்டம் வடிவமைப்பாளர் பிறந்த மண்ணிலேயே அவர் பொறியைக் கந்தோருக்கு வெளியே நிறுத்தியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தும் அதன் ஒழுங்குவிதிகள் நிறைவேற 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழும் அரசகரும மொழியாவதற்கு 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் வரை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தபோது அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, கச்சேரி தமிழில் எழுதவேண்டும் என்பது. அக்கச்சேரியிலிருந்து சுண்டிக்குளி நடந்து செல்லும் தூரம். பொறி இருந்தது; மொழி இருந்தது; இரண்டையும் ஒரு மேசையில் வைக்கும் அதிகாரம் மட்டுமே இருக்கவில்லை. வடிவமைப்பின் வெற்றி தோல்விகளை வடிவமைப்பாளரின் திறமையைக் கொண்டு மாத்திரம் அளக்க முயல்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அரசு கைவிட்ட இடத்தில் பொறி வேறொரு வாழ்வைக் கண்டது. தொழிற்சங்கச் சுற்றறிக்கைகள், சனசமூக நிலையங்களின் அறிக்கைகள், மாணவர் வெளியீடுகள், சிறு சஞ்சிகைகள் எனப் பல, தட்டெழுத்துப் பொறியில் வெட்டிய ஸ்டென்சிலைக் கொண்டு றோணியோவில் உருட்டப்பட்டவை. அச்சுக்கூடச் செலவைத் தாங்கமுடியாதவனும் அச்சுக்கூட முதலாளியின் தணிக்கைக்கு அஞ்சியவனும் அதையே நாடினர். கம்பனிக் கடிதத்துக்கென்று பிறந்த பொறி, கம்பனிக்கு எதிரான துண்டுப்பிரசுரத்தையும் அடித்தது. முத்தையா இதனை எதிர்பார்த்திருக்க வேண்டிய தேவையில்லை. நல்ல கருவி தன் வடிவமைப்பாளனின் வர்க்க எல்லையைத் தாண்டக்கூடியது என்பதற்கு இது போதிய உதாரணம்.

பொறியின் காலம் முடிந்தபின்னரும் பலகை முடியவில்லை. கணனி வந்தபோது ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் மிகுதியாகக் கையாண்ட 'பாமினி' எழுத்துரு தட்டெழுத்துப் பலகையையே அடியொற்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ்99' பலகை வேறு தத்துவத்தைக் கொண்டது. உயிர்கள் ஒரு கைக்கும் மெய்கள் மற்றொரு கைக்கும் செல்ல, தேவையான இடங்களிற் புள்ளியைக் கணனியே இடும். சின்னிவிரலுக்கு ஓய்வு கிடைத்தது. இலங்கையில் தரநிர்ணய நிறுவனம் 2008இல் ஏற்ற நியமமோ 'ரெங்கநாதன்' என வழங்கும் தட்டெழுத்து மரபுப் பலகையைத் தேர்ந்தது. ஒரே மொழிக்கு இரு நாட்டில் இரு நியமங்கள். கடலின் இக்கரையில் பழைய விரல்பழக்கம் வென்றது. அக்கரையில் ஒலியியல் வென்றது. எது சரியென்ற விவாதம் உணர்ச்சிவசப்படாமல் நடத்தப்படவேண்டியது. பழக்கம் என்பதும் உழைப்பின் சேமிப்பே. அதனை ஓர் ஆணையால் கரைத்துவிடுதல் நீதியாகாது. அதே வேளை, இரும்பு வண்டியின் தேவைக்காக ஏற்பட்ட நெருக்கடியை வண்டியே இல்லாத காலத்திலும் பிள்ளைகளின் விரலுக்குக் கையளிப்பது எவ்வாறு நியாயமாகும்?

இதற்கு ஒரு சின்னஞ்சிறு சான்று பாமினிப் பலகையிலேயே உண்டு. டகரத்தின் மேல் இகர விசிறி சரியாகப் பொருந்தாது. எழுத்தின் இடப்புறம் நேர்க்கோடாக நிற்க, விசிறி அடியிலிருந்து வளைந்தெழ வேண்டும். நகரா விசை இங்கே உதவவில்லை. எனவே தட்டெழுத்து மரபில் 'டி'க்கும் 'டீ'க்கும் தனி விசை ஒதுக்கப்பட்டது. ஏனைய 17 மெய்களுக்கும் பொதுவான விதியிலிருந்து டகரம் ஒன்றே விலகி நிற்கும் இவ்விசை, உலோக அச்சின் பொருத்தப்பாட்டை நன்கு அறிந்த ஒருவர் எடுத்த முடிவு. கணனித் திரையில் உலோகமில்லை. எந்த விசிறியும் எந்த எழுத்தோடும் பொருந்தும். இருந்தும் பாமினியில் தமிழ் அடிக்கும் ஒருவர் 'டி' எழுத வேண்டிய ஒவ்வொரு முறையும் டகரத்தின் இடத்தை விட்டுக் கீழ்வரிசைக்கு இறங்கி அந்தத் தனி விசையையே தேடிச் செல்கிறார்.